லயத்துக்கு யார் காவல்?

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கும் அண்ணன், யார் வீட்டில் என்ன நடந்தாலும் சுவர்க் கலண்டரில் குறித்து வைப்பார். பிள்ளை பிறந்தது, கரண்ட் போனது, த்ரீவீலர் கவிழ்ந்தது எல்லாம் அதில் இருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்னர், இரண்டு மாதத்துக்குள் நாலு வீடுகளில் திருட்டு நடந்தது. ஒரு வீட்டில் காஸ் சிலிண்டர். ஒரு வீட்டில் தோடும் சங்கிலியும். இன்னொரு வீட்டில் பிள்ளையின் போன். கடைசியாக, தீபாவளிக்கென்று வாங்கி வைத்திருந்த துணிமணி. எல்லாமே பட்டப்பகலில். நாலு திகதிகளையும் கலண்டரில் பார்த்தபோது கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர்தான் முதலில் பிடித்தார்: "இந்த நாலு நாளும் நாங்க தூரமலையில இல்ல நின்னோம்!"

தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் போனால், இன்றைக்கு எந்த நம்பர் மலையில் கொழுந்து எடுப்பது என்று கங்காணி சொல்வார். நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குக் கிட்டிய மலை என்றால், மத்தியானக் கொழுந்தை எடை போட்டதும் பெண்கள் வீட்டுக்கு ஓடிவந்து, பெரியவர்களுக்கும் பிள்ளைக்கும் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போவார்கள். தூரமலை என்றால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே போய்விடுவார்கள். அன்றைக்கு லயம் காலையிலிருந்து அந்தி வரை வெறிச்சோடிக் கிடக்கும். ஆம்பிளைகளில் பாதிப்பேருக்கு டவுனிலோ கொழும்பிலோ வேலை. மிச்சம் இருப்பது காது மந்தமான தாத்தாக்களும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்துக்குப் போகாத ஒன்றிரண்டு குழந்தைகளும்தான். எந்த நாளில் எந்த மலை என்று தெரிந்த ஒருவன்தான் இந்த வேலையைச் செய்திருக்க வேண்டும்.

நாலு திருட்டில் ஒன்று மட்டும்தான் பொலிசுக்குப் போனது. அங்கே அது ஒரு தனிச் சம்பவம். ஒரு என்ட்ரி, அதாவது ஒரு முறைப்பாட்டுப் பதிவு, ஓர் இலக்கம். நாலையும் சேர்த்துப் பார்க்கிற கண் பொலிஸ் நிலையத்தில் இருக்க வழியே இல்லை. அந்தக் கண் கடைச் சுவரில் இருந்தது. ஆனால் கடைச் சுவருக்கு யாரையும் விசாரிக்கவோ பிடிக்கவோ அதிகாரம் கிடையாது. ஊருக்குத் தெரிந்ததும் பொலிசால் செய்ய முடிந்ததும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. மலையகத்தில் இந்தச் சந்திப்பு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது, எந்த இடத்தில் அதைச் சரிசெய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொழுந்துக்குக் காவல் இருந்தது

தோட்டத்தில் காவல் என்றைக்கும் இருந்தது. பக்டரிக்கு வாச்சர், ஸ்டோருக்கு வாச்சர், விறகு மலைக்கும் வாச்சர். கோப்பிக் காலத்தில் கோப்பித் திருட்டைத் தடுக்கவென்றே தனிச் சட்டம் போட்டார்கள். அந்தக் காவலெல்லாம் விளைச்சலுக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில், காம்பராவில், இருக்கிற குடும்பத்துக்கும் காவல் வேண்டும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

1865ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பொலிசுக்கு இன்றைக்கும் அடிப்படையாக இருக்கும் பொலிஸ் கட்டளைச் சட்டம் அந்த ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம். அதே ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வேலைக்காரர், கூலியாட்கள் பற்றியது. சொல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்ப அது வழி செய்தது. இந்தத் தண்டனை ஏற்பாடுகள் 1920களில்தான் போயின. அதுவரை இரண்டு தலைமுறைக்குச் சட்டம் என்றால் தோட்டத்தை விட்டு ஓடினவனைப் பிடித்துக் கொண்டுவருகிற கை. உன் வீட்டில் ஏதும் களவு போனதா என்று கேட்டுக்கொண்டு யாரும் லயத்துக்கு வந்ததில்லை.

அதற்குப் பிறகும் நல்ல ஞாபகங்கள் சேரவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்துப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணியைப் பிரித்தெடுப்பதை எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்து சிவனு லெட்சுமணனும் பொலிஸ் சூட்டில்தான் இறந்தார். மலையகத்தில் இந்த இரண்டு பெயரையும் இன்றைக்கும் மேடையில் சொல்வார்கள். 2000 அக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டபோது, பொலிசார் அங்கேயே நின்றிருந்தார்கள். யுத்த காலத்தில் அடையாள அட்டை கையில் இல்லாமல் டவுனுக்குப் போன பையன் அந்திக்குத் திரும்பி வருவானா என்று தாய்மார் பீலிக்கரையில் நின்று பேசிக்கொண்டது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், "மக்கள் பொலிசுக்கு ஒத்துழைப்பதில்லை" என்று கூட்டங்களில் சொல்லப்படும்போது அதை மலையகத்து ஆளின் சுபாவம் போலச் சொல்கிறார்கள். ஜீப் வந்தால் கதவைச் சாத்துவது சுபாவம் கிடையாது. நூற்றைம்பது வருடம் பார்த்துப் பழகின பழக்கம். நோட்டீஸ் ஒட்டி அதை மாற்ற முடியாது. போன வேலை ஒழுங்காக முடிந்தது என்கிற அனுபவம் ஒருதரம், இரண்டுதரம், பத்துத்தரம் கிடைத்தால்தான் மாறும்.

இன்னொன்றும் இருக்கிறது. தோட்டம் நீண்ட காலம் அரசாங்கத்துக்கே வெளியே இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஆளை வெளியே தள்ளியது என்பது எல்லாருக்கும் தெரியும். 1987இல் வந்த பிரதேச சபைகள் சட்டம் தோட்டத்து ரோட்டையும் லைட்டையும் வெளியே தள்ளியது என்பது அவ்வளவாகத் தெரியாது. அதன் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று சொல்லிவந்தார்கள். தோட்டத்து மக்களும் ஓட்டுப் போட்டுத் தெரிவுசெய்த சபை, தோட்டத்து முடக்கில் ஒரு பல்பு போட முடியாமல் இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள்.

என்ட்ரி போடப் போன நாள்

அந்த நாலு வீட்டில் பொலிசுக்குப் போன ஒரே வீடு என் சித்தியின் வீடு. தோடும் சங்கிலியும் போனது அவருக்குத்தான். துணைக்கு நான் போனேன். எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கவே அரை மணித்தியாலம். பிறகு த்ரீவீலர். போய்வருகிற கூலி அவருடைய ஒருநாள் சம்பளத்தைத் தாண்டும். அன்றைய பேரும், அதாவது வேலைநாள் கணக்கும், போய்விட்டது.

உள்ளே போனதும் சித்தி செருப்பைக் கழற்றிவிட்டார். வேண்டாம் சித்தி என்று சொல்லியும் கேட்கவில்லை. மேசையில் இருந்தவர் கெட்டவரில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். ஆனால் அவருக்குத் தமிழ் வராது, சித்திக்குச் சிங்களம் சந்தைக்குப் போதுமான அளவுதான் வரும். சித்தி தமிழில் சொன்னார், நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், அவர் எழுதினார். சித்தி சொன்னதில் முக்கியமான ஒன்று, சங்கிலியின் கொக்கி உடைந்து நூலால் கட்டியிருந்தது என்பது. அந்த அடையாளத்தை நான் சொல்ல மறந்துவிட்டேன். பக்கம் நிறைய எழுதி, கடைசியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தான் என்ன சொன்னதாக எழுதியிருக்கிறது என்று தெரியாமலே சித்தி கையெழுத்து வைத்தார். திரும்பி வரும்போது, "நான் சொன்னத எழுதினாங்களாப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த இடத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒருவர் வாயால் சொல்லும் முறைப்பாட்டை, அவர் சொல்லும் மொழியிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், அவரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவராலும் எழுத முடியாவிட்டால்தான் வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்படி எழுதினால் ஏன் எழுதினோம் என்ற காரணத்தையும் பதிய வேண்டும், அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லியும் காட்ட வேண்டும். இது யாரும் நமக்குச் செய்யும் உபகாரமில்லை, அதிகாரியின் கடமை.

இத்தோடு, 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 1999 நவம்பரில் வந்த வர்த்தமானி நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுகளையும், பதுளை மாவட்டத்தில் பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்தும்முல்ல, ஹாலிஎல, மீகஹகிவுல ஆகியவற்றையும் இருமொழிப் பிரிவுகளாக அறிவித்தது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கமெல்லாம் அப்போது அம்பகமுவவுக்குள்தான். ஆக, காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. இல்லாதது, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தமிழில் எழுதக்கூடிய ஆள்.

மொழி என்பது மரியாதைப் பிரச்சினை என்றுதான் பெரும்பாலும் பேசுகிறோம். அதுவும் சரிதான். ஆனால் குற்றத் தடுப்பு என்று பார்த்தால் இது வேறு மாதிரியான நட்டம். நூலால் கட்டிய கொக்கி என்ற ஒரு சொல் எழுதப்பட்டிருந்தால், அடகுக் கடையில் அந்தச் சங்கிலியை அடையாளம் காட்டியிருக்கலாம். எழுத்தில் விழாத அடையாளம் விசாரணையிலும் விழாது. அடுத்த வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டு, "போயும் என்ன பிரயோசனம்" என்று தன் காஸ் சிலிண்டரைப் பற்றிச் சொல்லாமலே இருந்துவிட்டாள். அப்படித்தான் நாலு திருட்டு ஒரு திருட்டாகக் கணக்கில் விழுகிறது. கணக்கு குறைவாக இருக்கிற பக்கத்துக்கு ரோந்தும் குறைவாகத்தான் வரும்.

அதனால் என்ட்ரி போடப் போகிறவர்களுக்குச் சொல்வதுண்டு: போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள். என்ன போனது, எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள், அதில் என்ன அடையாளம். எழுத்தில் கொடுக்கும் முறைப்பாட்டையும் பொலிஸ் ஏற்கத்தான் வேண்டும். வரும்போது முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்கி வாருங்கள். அந்த இலக்கம் இல்லாமல் திரும்பப் போனால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பொலிசின் நடத்தையிலேயே குறை இருந்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லலாம்.

குழுவில் யார் இருக்கிறார்கள்

ஊருக்கும் பொலிசுக்கும் பாலமாக இருக்கவென்று கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் சிவில் பாதுகாப்புக் குழுக்கள் இருக்கின்றன. சமூகப் பொலிஸ் குழு என்றும் சொல்கிறார்கள். கிராம உத்தியோகத்தர், பொலிஸ் அதிகாரி ஒருவர், ஊரிலிருந்து சில பேர். மாதம் ஒருமுறை கூடி, ஊரில் என்ன பிரச்சினை என்று பேசுவது. யோசனை நல்லது. நாடு முழுவதும் 14,000க்கும் மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் இப்படி ஒரு குழு உயிரோடு இருந்தால் எவ்வளவோ மாறும்.

தோட்டப் பக்கத்தில் நான் பார்த்த கூட்டங்களில் இரண்டு கோளாறு. கூட்டம் கிழமை நாளில், காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் கொழுந்து எடுக்கிறவர்கள் மலையில். ஆக வருகிறவர்கள் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், டவுன் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஒருவர், கட்சிக்காரர் ஒருவர். பகலில் லயம் எப்படி இருக்கும், எந்தக் குறுக்குப் பாதையில் பயம், எந்த வீட்டுப் பிள்ளை தனியாக இருக்கிறது என்று தெரிந்த பெண்கள் அந்த மேசையில் இல்லை. அதே கூட்டத்தைச் சம்பள நாள் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்திலோ பிள்ளைமடுவத்திலோ வைத்துப் பாருங்கள், பேச்சே வேறாக இருக்கும்.

இரண்டாவது, பேச்சு ஒருபக்கமாகத்தான் ஓடுகிறது. தகவல் தாருங்கள், தகவல் தாருங்கள் என்று கேட்கிறார்கள். போன மாதம் தந்த தகவலுக்கு என்ன ஆனது என்று சொல்வதில்லை. திருடனைப் பிடிக்க முடியவில்லை என்றால் அதையாவது வந்து சொன்னால் போதும், ஆட்கள் புரிந்துகொள்வார்கள். சித்தியிடம் யாராவது ஒருதரம் வந்து, "அம்மா, மூன்று அடகுக் கடை பார்த்தோம், கிடைக்கவில்லை" என்று சொல்லியிருந்தால் அடுத்த வீட்டுக்காரியும் சிலிண்டருக்கு என்ட்ரி போட்டிருப்பாள்.

குழுவுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 1993இல் இராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் என்ற பொலிஸ் அதிகாரி 'காவல்துறை நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர் இளைஞர்களைப் பொலிசோடு இணைப்பதுதான் நோக்கம், பல இடங்களில் நல்ல பெயரும் எடுத்தது. 2020இல் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் பொலிஸ் காவலில் இறந்தபோது, அந்த அமைப்பைச் சேர்ந்தவர்களுக்கும் பங்கிருந்தது என்று குற்றச்சாட்டு எழுந்து, மாநில அரசு அதைத் தடைசெய்தது. ஊர்க்காரன் பொலிசுக்கு ஊரைப் பற்றிச் சொல்வது ஒன்று. பொலிசின் கம்பை ஊர்க்காரன் கையில் எடுப்பது முழுக்க வேறு. நம் தோட்டங்களில் சங்கம், கட்சி, சாதி என்று ஏற்கெனவே கோடுகள் இருக்கின்றன. குழுவில் இருக்கிறவன் தனக்குப் பிடிக்காத வீட்டுப் பையனைக் 'கஞ்சாக்காரன்' என்று காட்டிக்கொடுக்க வழி இருந்தால், அது நடக்கும்.

போதைப்பொருள் விஷயத்தில் இதுதான் பெரிய சிக்கல். ஒரு காலத்தில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் மட்டும்தான். யார் காய்ச்சுகிறான், எந்த ஓடையில் என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் ஐஸ் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்ற பொலிஸ் நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்தார்கள். பிடிபட்டவர்களில் பாவிக்கிறவன் எத்தனை, விற்கிறவன் எத்தனை என்ற கேள்வியும், பிடித்த விதம் பற்றிய கேள்வியும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் வரைக்கும் போனது. தோட்டத்துத் தாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வி இன்னும் எளிமையானது: மகன் பாவிக்கத் தொடங்கிவிட்டான் என்று நான் சொன்னால், அவனுக்கு வைத்தியம் கிடைக்குமா, விளக்கமறியல் கிடைக்குமா? அதற்கு நம்பிக்கையான பதில் இல்லாதவரை அவள் வாயைத் திறக்க மாட்டாள். விற்கிறவனைப் பற்றிச் சொன்னால், சொன்னவர் பெயர் அந்தியாவதற்குள் அவன் காதுக்குப் போய்விடும் என்ற பயமும் உண்டு. அந்தப் பயத்துக்கு நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

முற்றத்தில் பேசி முடிக்கக் கூடாதவை

தோட்டத்தில் சண்டை என்றால் முதலில் தலைவர் வீட்டு முற்றத்துக்குத்தான் போகும். கோழி, வேலி, தண்ணீர்க் குழாய், சீட்டுக் காசு, வாய்த்தகராறு, இவையெல்லாம் அங்கே முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, சிறு பிணக்குகளுக்கு வழக்கறிஞர் செலவு இல்லாமல் பேசித் தீர்க்கிற இடம். ஆறிப்போகாத சின்னச் சண்டைதான் சம்பள நாள் இரவில் கத்திக்குத்தாக முடிகிறது. ஆகவே இந்தப் பேச்சுவார்த்தையும் ஒரு குற்றத் தடுப்புத்தான்.

ஆனால் பெண்ணுக்கு விழும் அடியும் பிள்ளைக்கு நடக்கும் துஷ்பிரயோகமும் அதே முற்றத்துக்குப் போகின்றன. இங்கேதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. "குடும்ப மானம்", "பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் ஆகணும்", "ரெண்டு பேரும் நம்ம சங்கம்" என்று பேசி, கொஞ்சக் காசு வாங்கிக் கொடுத்து, செய்தவனை இரண்டு மாதம் கொழும்புக்கு அனுப்பிவிட்டு முடித்துவிடுகிறார்கள். தாய் மத்திய கிழக்கில், அப்பன் குடியில், பிள்ளை பாட்டியோடு என்று இருக்கிற வீடுகளில் இப்படி முடித்த கதை மறுபடி நடக்கிறது. பிள்ளைமேல் நடக்கும் பாலியல் குற்றத்தைச் சமாதானமாகப் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமே கிடையாது. தலைவருக்கும் இல்லை, மத்தியஸ்த சபைக்கும் இல்லை. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு யாரும் அழைக்கலாம், தாய் தகப்பனாக இருக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு 1938.

அடிபடும் பெண்ணுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அவளோ, அவளுக்காகப் பொலிஸ் அதிகாரி ஒருவரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் 14 நாளைக்கு இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. புருசனைச் சிறைக்கு அனுப்பாமல் அடியை நிறுத்தக் கேட்கலாம் என்பதுதான் இதில் முக்கியம். "அவரப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டா சோத்துக்கு என்ன பண்றது" என்று வாயை மூடிக்கொள்கிற பெண்களுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறதென்று யாரும் சொல்வதில்லை.

திருட்டு திரும்பி வரும்

இங்கிலாந்தில் ரொச்டேல் நகரத்தில் கேர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980களில் ஒரு முயற்சி நடந்தது. வீடுடைப்பு மிக அதிகமாக இருந்த, ஏழைகள் குடியிருந்த இடம். யார் வீடு உடைபடுகிறது என்று கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஒருதரம் உடைபட்ட வீடு மறுபடியும் உடைபடும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடப் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. திருடனுக்கு வழி தெரிந்துவிட்டது, கதவும் அதே கதவு. அங்கே பல வீடுகளில் காசு போட்டால் காஸ், கரண்ட் வரும் மீட்டர்கள் இருந்தன. திருடர்கள் அந்தக் காசுக்காகவே வந்தார்கள். மீட்டரை மாற்றினார்கள். உடைபட்ட வீட்டைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் மட்டும் அந்த வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சில வருடத்திலேயே வீடுடைப்பு பாதிக்கும் கீழே இறங்கியது.

இதில் எனக்குப் பிடித்தது, எல்லாரும் எல்லாரையும் எப்போதும் காவல் காக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. எந்த வீடு, எந்த நாள், எதற்காக என்று கண்டுபிடித்து அங்கே மட்டும் கையை வைத்தார்கள். நம்முடைய தூரமலை நாள் கணக்கும் இதே வகைதான். சம்பளம் வருகிற 10ஆம் திகதியை ஒட்டிய இரவுகள், திருவிழாவுக்கு ஊரே கோயிலில் இருக்கிற நேரம், பெருநாள் முற்பணம் கையில் இருக்கிற வாரம் என்று மலையகத்துக்குத் தனிக் கலண்டர் இருக்கிறது. ரோந்து அந்தக் கலண்டரைப் பார்த்து வந்தால் மாதத்தில் நாலு நாள் வந்தாலும் போதும்.

லைட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருவிளக்குப் போட்ட இடங்களில் இரவுக் குற்றத்தோடு பகல் குற்றமும் குறைந்ததைப் பல நாடுகளின் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். இந்த இடத்தைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்பதை விளக்கு பகலிலும் சொல்கிறது போலும். ஆறு மணிக்கே பனி மூடிவிடும் நம் முடக்குகளில், டியூசன் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் கூட்டமாகச் சேரும்வரை ரோட்டிலேயே காத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பல்பு போட இப்போது பிரதேச சபைக்குச் சட்டம் தடையில்லை. எந்த முடக்கில் என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒரு நிமிசத்தில் சொல்லிவிடுவார்கள்.

லயத்திலிருந்து 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீட்டுக்குப் போகும் குடும்பங்களுக்காகவும் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. தனி வீடு வேண்டும். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் லயத்தில் ஒரு காம்பராவில் பானை விழுந்தால் பத்துக் காம்பராவுக்குக் கேட்கும். தொல்லையாக இருந்தாலும் அது ஒரு காவல். இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், உட்கார்ந்திருக்கிற பாட்டியின் கண்ணைத் தாண்டி புது ஆள் ஒருவன் வர முடியாது. புதுக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு இடைவெளி, முன்வாசல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். வீடு கட்டித் திறக்கும்போதே பக்கத்து வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்று பேசி வைத்துக்கொண்டால், பிறகு களவு போனபின் பேச வேண்டியிருக்காது.

எங்கள் டிவிசனில் அந்தக் கலண்டருக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. குறுக்குப் பாதை லயத்தைத் தொடுகிற இடத்தில், கோயிலில் பழையதாகிப் போன ஒரு வாங்கைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். தூரமலை நாளில் ஓய்வுபெற்ற இரண்டு தாத்தாக்கள் மத்தியானத்தில் அங்கே உட்கார்ந்து தாயம் விளையாடுவார்கள். முறை வைத்து அவர்களுக்குத் தேத்தண்ணீர் போகும். புதிதாக வந்த பொலிஸ் அதிகாரி ஒருவர், ஓரளவு தமிழ் தெரிந்தவர், கடை அண்ணனின் கலண்டரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். சித்தியை மறுபடி கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தார். இந்தத் தடவை அவரே தமிழில் எழுதி, வாசித்தும் காட்டினாராம். சங்கிலி இன்னும் கிடைக்கவில்லை. நூல் கட்டிய கொக்கி என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது.